கல்லைப் பேசவைத்த புரூஸ் ஃபூட்

மண்ணைத் தோண்டிப் பொன் கிடைத்தால் ஊர் கூடும். கல் கிடைத்தால் காலால் தள்ளிவிட்டுப் போகும். கிரேக்க நாட்டு மைசீனியில் 1876-ஆம் ஆண்டு ஷ்லீமன் என்பார் பொன் முகமூடிகளை அகழ்ந்தெடுத்தபோது உலகமே வியந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, வெறுங்கல்லொன்றைக் கையிலேந்தி, அதனினும் பன்மடங்கு தொன்மையை நம் நாட்டிற்கு உணர்த்திய பெருமகனார் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார்.

இங்கிலாந்தில் 1834-ல் பிறந்த இவர், 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்து சென்னை மாகாணம் வந்தார். தமிழறிஞர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். பாறைகளை ஆராய்வதே இவருக்கிட்ட அலுவல். பிரெஞ்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரைக் கற்கருவிகள் ஆதிமனிதன் செய்தவையே என 1859-ல் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் ஆகியோர் நிறுவினர். இந்த எவன்சின் மைந்தர் ஆர்தரே பின்னர் 1900-ல் கிரீட் தீவில் நாசஸ் அரண்மனையை அகழத் தொடங்கியவர். சோம் ஆற்றுச் செய்தி ஃபூட்டின் உள்ளத்தில் வேரூன்றியது.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் இவர் கண்ணில் ஒரு கல் பட்டது. இருபுறமும் செதுக்கிய கைக்கோடரி அது! அவ்வாண்டே செப்டம்பரில் தோழர் வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்விடத்தின் தொன்மை சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-ல் ஆய்வாளர் அறிவித்தனர்.

1891-ல் ஓய்வு பெற்றும் உழைப்பை விட்டாரில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்குப் பணியாற்றினார், ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் திரட்டிய கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் பெற்றது. 1912-ல் மறைந்தார்.

பிச்சாட்டூர்வாழ் தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு எதற்கு எனலாம். பிழைப்பு நாடி வந்தவர் நாம் என்ற எண்ணத்தால், இம்மண்ணோடு ஒட்டாமலே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். 1960-ல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. ஆறுகள் அவ்வெல்லையை அறியா. நகரியாறு ஆந்திரத்தினின்று இறங்கிக் கொசத்தலையிற் கலக்கிறது. நம் ஆரணியாறோ தமிழகம் புகுந்து கடலடைகிறது. அக்கோடரியைச் செதுக்கியவன் தமிழனுமல்லன், தெலுங்கனுமல்லன். இரு மொழியும் பிறவாக் காலத்தவன். அவன் முன் நாம் அனைவரும் நேற்று வந்தவர்களே. ஆதலின் இங்கு எவரும் அந்நியரல்லர்.

விடுமுறையில் ஊத்துக்கோட்டை வழியே பூண்டி சென்று, அங்குள்ள அகழ்வைப்பகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக. கண்ட கல்லைக் கண்ட இடத்திலேயே விட்டு, அறிந்தோர்க்கு உரைக்கவும் கற்பிப்போமாக. ஃபூட் பெருமகனார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.