கண்ணாடி விரியனுக்கு வெள்ளைக்காரர் பெயர் வந்தது எப்படி? யார் இந்த பேட்ரிக் ரஸ்ஸல்?

திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் அம்மையார்குப்பம் மாதிரியான ஊர்களில் வயலுக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடி விரியனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டங்கள், முக்கோணத் தலை, பக்கத்தில் போனால் குக்கரில் ஆவி வெளியேறுவது போல ஒரு சீறல். எல்லையைத் தாண்டினால் தெலுங்கில் இதற்கே ரக்த பிஞ்சரி என்று பெயர்.

நமக்கு இது வரப்பில் கிடக்கும் ஆபத்து. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தியா என்றாலே முதலில் நினைவுக்கு வருவதில் பாம்பும் ஒன்று. அப்படி வந்த ஒருவரின் பெயர்தான் இன்று உலகம் முழுக்க இந்தப் பாம்புக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் இது ரஸ்ஸல்ஸ் வைப்பர். அதாவது, ரஸ்ஸலின் விரியன்.

யார் அந்த ரஸ்ஸல்? பாம்புக்கு அவர் பெயரை ஏன் வைத்தார்கள்?

பிளேக் டாக்டர்

பேட்ரிக் ரஸ்ஸல் 1727-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்தார். பிறகு அண்ணன் அலெக்சாண்டர் டாக்டராக இருந்த சிரியாவின் அலெப்போ நகருக்குப் போனார். அண்ணன் ஊர் திரும்பியதும் அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது.

1760-களின் தொடக்கத்தில் அலெப்போவில் பிளேக் நோய் பரவியது. மக்கள் செத்து விழுந்த அந்த நாட்களில், யாருக்கு நோய் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று ரஸ்ஸல் பொறுமையாகக் குறிப்பெடுத்தார். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல், பார்த்ததை எழுதி வைக்கும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் இந்தியாவில் அவருக்குக் கைகொடுத்தது.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

பாம்பைத் தேடி அவர் வரவில்லை. தம்பி கிளாடுக்காக வந்தார். கிளாட் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்க, 1781-ல் பேட்ரிக்கும் கூடவே கிளம்பினார். அப்போது அவருக்கு 50 வயது தாண்டிவிட்டது.

மெட்ராஸை மையமாகக் கொண்ட கம்பெனி ஆட்சிப் பகுதியில் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் ஜோஹன் கோனிக். அவர் 1785-ல் இறந்ததும், அந்தப் பதவி ரஸ்ஸலுக்கு வந்தது. செடி, மீன் என எல்லாவற்றையும் பதிவு செய்வதுதான் வேலை. ஆனால் அவரை அதிகம் உலுக்கியது பாம்புக்கடி.

அப்போது என்ன பிரச்சினை?

எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்பதே கம்பெனி டாக்டர்களுக்குத் தெரியாது. விஷமில்லாத பாம்பு கடித்தவர் எந்த மருந்தைச் சாப்பிட்டாலும் பிழைத்துக்கொள்வார். பெயர் மருந்துக்குப் போய்விடும். அதே மருந்தை நம்பி, விஷப்பாம்பு கடித்தவர் உயிரை விடுவார்.

இந்த முடிச்சைத்தான் ரஸ்ஸல் அவிழ்க்கப் பார்த்தார். பாம்புகளைக் கொண்டுவரச் சொன்னார். வாயைத் திறந்து விஷப்பல் இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றிலும் வாலிலும் உள்ள செதில்களை எண்ணினார். படம் வரைய வைத்தார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு, என்ன ஆகிறது என்று கவனித்தார். இன்று இதைப் படிக்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் அவர் கையில் அன்று வேறு வழி இருக்கவில்லை.

அந்தச் சோதனைகளில்தான் கண்ணாடி விரியனின் கொடூரம் அவருக்குப் புரிந்தது. நல்ல பாம்புக்கு அடுத்தபடியான ஆபத்து இது என்று பதிவு செய்தார்.

தஞ்சாவூர் மாத்திரை என்ன ஆனது?

பாம்புக்கடிக்கு அன்று பெயர்போன மருந்து தஞ்சாவூர் மாத்திரை. அதில் முக்கியச் சரக்கு பாஷாணம், அதாவது ஆர்செனிக். ரஸ்ஸல் இதையும் சோதித்துப் பார்த்தார். சொல்லப்பட்ட பலன் கிடைக்கவில்லை.

அவருடைய புத்தகம் 1796-ல் லண்டனில் வெளியானது. சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் சேகரித்த பாம்புகளின் படங்கள், விவரங்கள், விஷச் சோதனைகள் எல்லாம் அதில் உண்டு. அடுத்த ஆண்டே விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரைச் சேர்த்து அறிவியல் பெயர் வைத்தார். 1805 ஜூலையில் ரஸ்ஸல் லண்டனில் காலமானார்.

பெயர் சொன்னவர்கள் யார்?

ரஸ்ஸல் தன் புத்தகத்தில் உள்ளூர் பெயர்களை விடாமல் எழுதினார். கண்ணாடி விரியனுக்கு அவர் குறித்தது காட்டுக ரேகுல பொட என்ற தெலுங்குப் பெயர். காட்டுக என்றால் கண் மை. கட்டுவிரியன் இனத்துக்கு இன்றும் உள்ள புங்காரஸ் என்ற அறிவியல் பெயரும் தெலுங்கிலிருந்து போனதுதான். பங்காரு என்றால் தங்கம். மஞ்சள் பட்டை போட்ட பாம்புக்கு நம் பக்கத்து மக்கள் வைத்த பெயர் அது.

பாம்பைப் பிடித்து வந்தவர்களும், பெயர் சொன்னவர்களும் இந்த ஊர் மக்கள். ஆனால் பாம்புக்கு நிலைத்தது டாக்டரின் பெயர் மட்டும்தான்.

இன்றும் உயிர் காப்பது யார்?

ரஸ்ஸலால் மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. விஷமுறிவு மருந்து 1890-களில்தான் வந்தது. இன்று அதற்குத் தேவையான விஷத்தைத் தருவதில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையை அடுத்த வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளிடமும் அவர்கள் விஷம் எடுப்பதை வெளிநாட்டுப் பயணிகளும் வாய்பிளந்து பார்க்கிறார்கள்.

மருந்து இருந்தும் சாவு நிற்கவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்கிறது 2020-ல் வெளியான ஆய்வு. ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர்!

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுக்காதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் வயலுக்குப் போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-க்கு போன் செய்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

எந்த மாத்திரை வேலை செய்யாது என்பதை ரஸ்ஸல் அன்றே சோதித்துச் சொல்லிவிட்டுப் போனார். வேலை செய்யும் மருந்து இன்று அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.