உலகை வலம் வந்த எல்கானோ

கப்பலேறி உலகை முதன்முதலிற் சுற்றி வந்தவர் யார் என்று வகுப்பில் வினவினால், மாணாக்கர் தயங்காது மகெலன் என்பர். மகெலன் அப்பயணத்தைத் தொடங்கிவைத்த பெருமகன் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர் பாதி வழியிலே பிலிப்பைன் தீவொன்றில் உயிர் துறந்தார். எஞ்சிய கடலைக் கடந்து, ஐந்து கப்பல்களுள் ஒன்றை மட்டும் கரைசேர்த்தவர் யுவான் செபாஸ்தியான் எல்கானோ என்னும் பாஸ்க் மாலுமி. தொடங்கியவர் பெயர் நீரிணையொன்றுக்கு இடப்பட்டு நிலைத்துவிட்டது; முடித்தவர் பெயரோ மங்கிப்போயிற்று. அஃது ஏன் நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்பானியாவின் வடகரையில் வாழும் பாஸ்க் மக்கள் தொன்மையான இனத்தினர். அவர்தம் மொழிக்கு உறவுமொழி உலகில் எங்கும் உண்டென்று இதுகாறும் நிறுவப்படவில்லை. பிரான்சில் வாழும் உறவினரோடு யான் ஒரு கோடையில் அந்நாட்டுக் கரைக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றேன். நாங்கள் தங்கிய சராவுட்ஸ் என்னும் ஊர் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் நீண்ட மணற்கரையை உடையது. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து உருண்டு வரும் பேரலைகளின்மேற் பலகையில் நின்று சறுக்கி விளையாடுவதற்கென்றே இளைஞர் பல நாடுகளிலிருந்தும் அங்கு வருகின்றனர். நம் நாட்டு அறுகங்குடாவைக் கண்டவர்க்கு அக்காட்சி புதியதன்று. அலைக்கு அஞ்சாத அவ்விளையாட்டைப் பார்த்துவிட்டுக் கடலோரப் பாதை வழியே மேற்கே சில கிலோமீற்றர் நடந்தால், கெத்தாரியா என்னும் சிற்றூர் வரும். அலை விளையாட்டுப் பொருளாகாது பிழைப்பாகவே இருந்த காலத்தில், எல்கானோ பிறந்த ஊர் அதுவே.

கடலுக்குள் எலிபோல் நீண்டு கிடக்கும் குன்றொன்றின் மறைவில் அவ்வூரின் துறைமுகம் அமைந்துள்ளது. முற்காலத்தில் அவ்வூரார் திமிங்கில வேட்டையில் வல்லவர். ஊரின் சின்னத்திலும் திமிங்கிலமே பொறிக்கப்பட்டுள்ளது. சான் சல்வதோர் என்னும் பழைய ஆலயத்தின் தளம் கப்பலின் தட்டைப் போலச் சரிந்திருக்கின்றது. அதன் அடியாகத் துறைமுகத்துக்கு ஒரு பாதை செல்கின்றது. வழிபாட்டிடத்தின் கீழே கடலுக்கு வழி வைத்த ஊரிற் பிறந்தவன் கடலோடியானதில் வியப்பென்ன?

எல்கானோ 15ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றிற் பிறந்தவர். தந்தை தொமிங்கோ, தாய் கத்தலீனா. இளமையிலேயே கடற்றொழிலிற் பயின்று, சொந்தக் கப்பலொன்றுக்கு உரியவராகி, அரசனின் படையெடுப்புக்களிற் சேவை புரிந்தார். அரசு கொடுக்கவேண்டிய கூலி வந்து சேரவில்லை. மாலுமிகளுக்குப் படி அளக்கும் பொருட்டு அவர் சவோய் நாட்டு வணிகரிடம் கடன் பெற்றார். கடன் தீராமையாற் கப்பலையே அவர்களுக்கு ஒப்படைக்க நேர்ந்தது. அந்நியருக்குக் கப்பலைக் கொடுத்தல் அக்காலச் சட்டப்படி குற்றம். அரசன் கடனை அடைக்காமையால் விளைந்த செயலுக்கு, அரசன் சட்டமே அவரைக் குற்றவாளியாக்கிற்று. இந்நிலையிலேதான் அவர் செவில் நகரை அடைந்து, மகெலனின் கடற்படையில் கொன்செப்சியோன் என்னும் கப்பலின் மாலுமித் தலைவராய் அமர்ந்தார்.

ஐந்து கப்பல்களும் ஏறத்தாழ 240 மாந்தரும் கொண்ட அப்படை 1519 செப்டெம்பர் 20ஆந் திகதி சான்லூக்கர்த் துறையை நீங்கிற்று. மேற்கே சென்று, கராம்பு விளையும் மொலுக்காத் தீவுகளை அடைதலே அதன் நோக்கம். கிழக்கு நோக்கிய வழி போர்த்துக்கேயருக்கு உரியதென்று உடன்படிக்கை இருந்தமையால், ஸ்பானியர் மேற்கு வழியை நாடினர்.

1520 ஏப்பிரிலில், தென்னமெரிக்காவின் குளிர்மிக்க சான் யூலியன் குடாவிற் கப்பற்றலைவர் சிலர் மகெலனுக்கு எதிராகக் கலகம் செய்தனர். எல்கானோவும் அவர் பக்கம் நின்றார். கலகம் ஒடுக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அத்துணைப் பேரையும் கொன்றாற் கப்பலோட்ட ஆளில்லை ஆதலின் மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிக்கப்பட்டவருள் எல்கானோவும் ஒருவர்.

பின்னர், ஒரு கப்பல் உடைந்தது. ஒரு கப்பல் தப்பியோடி ஊர் திரும்பிற்று. எஞ்சிய மூன்றும் நீரிணையைக் கடந்து பசுபிக் சமுத்திரத்தை அடைந்து, மூன்று திங்களுக்கு மேலாகப் பசியோடு போராடின. 1521 ஏப்பிரில் 27ஆந் திகதி மக்தான் தீவில் நிகழ்ந்த போரில் மகெலன் மாண்டார். சில நாட்களுள் செபு என்னுமிடத்தில் விருந்துக்கழைக்கப்பட்ட தலைவர் பலரும் கொல்லப்பட்டனர். ஆட்குறைவாற் கொன்செப்சியோன் எரிக்கப்பட்டது. பொறுப்புக்கள் பலர் கைமாறி, இறுதியில் விக்தோரியா என்னும் கப்பல் எல்கானோவின் கைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் மொலுக்காத் தீவுகளுள் ஒன்றாகிய திதோரேயை அடைந்து கராம்பு ஏற்றினர். தலைமைக் கப்பலாகிய திரினிதாத் நீர் கசிந்து பயணத்துக்கு உதவாததாயிற்று. 1521 டிசெம்பர் 21ஆந் திகதி விக்தோரியா தனியே புறப்பட்டது. அதில் 60 பேர் இருந்தனர். அவருள் 13 பேர் அத்தீவுகளைச் சேர்ந்தோர்.

வந்த வழியே பசுபிக் சமுத்திரத்தில் மீளுதல் அரிது. மேற்கே செல்வதாயின் இந்து சமுத்திரம் முழுவதும் போர்த்துக்கேயர் கண்காணிப்பில் இருந்தது. மலாக்காவும் கோவாவும் கொச்சியும் அவர் வசம். 1518இற் கொழும்பிலும் அவர்கள் கோட்டை அமைத்துவிட்டனர். நம் தீவின் கறுவாவையும் மொலுக்காவின் கராம்பையும் காக்க விரித்த அவ்வலையிற் சிக்காதிருக்க, எல்கானோ தெற்கே வெகுதூரம் இறங்கி, எத்துறையையும் நாடாது, ஆபிரிக்கா நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். இறைச்சி அழுகிற்று, அரிசியும் நீருமே உணவாயின. கப்பலிற் புகுந்த நீரை ஓயாது இறைக்கவேண்டியதாயிற்று. அயலே இருந்த போர்த்துக்கேயத் துறைக்குச் சென்று சரணடையச் சிலர் விரும்பினர், பெரும்பாலோர் உடன்படவில்லை. 1522 மே மாதத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினர். அதன்பின் மாதக்கணக்கில் மாந்தர் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர்.

யூலை 9ஆந் திகதி, பசி பொறுக்கமாட்டாது, போர்த்துக்கேயருக்குரிய கேப் வேட் தீவுகளில் நங்கூரமிட்டனர். தாங்கள் அமெரிக்காவிலிருந்து வருவதாகக் கூறி அரிசி வாங்கினர். அங்கேதான் ஒரு புதுமை புலனாயிற்று. கப்பலிற் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியவர்க்கு ஒரு நாள் குறையும் என்னும் உண்மை அன்று பட்டறிவாயிற்று. ஆனால், அவர்கள் மறைத்த செய்தி வெளிப்பட்டுவிட்டது. கரைக்குச் சென்ற 13 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். காத்திருந்தாற் கப்பலும் கராம்பும் பறிபோகும். நீங்கினால் தோழரைக் கைவிட்டதாகும். எல்கானோ பாய்விரித்து நீங்கினார்.

1522 செப்டெம்பர் 6ஆந் திகதி விக்தோரியா சான்லூக்கரை அடைந்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டவருள் 18 ஐரோப்பியரே அதில் இருந்தனர். கீழைத்தீவினர் சிலரும் உடன் வந்தனர். கரை சேர்ந்த அன்றே எல்கானோ ஐந்தாம் சாள்ஸ் மன்னருக்குக் கடிதம் எழுதினார். பரிசில் வேண்டுமுன், சிறைப்பட்ட 13 பேரையும் விடுவிக்க முயலுமாறு அதில் அவர் வேண்டினார். அவர்கள் பின்னர் விடுதலை பெற்று மீண்டனர். கைவிட்டு நீங்கியவர் மறந்துவிடவில்லை என்பதற்கு அக்கடிதம் சான்று.

கப்பலிலிருந்த 381 மூட்டைக் கராம்பு முழுப் பயணத்தின் செலவையும் ஈடுசெய்தது. மன்னர் எல்கானோவுக்கு ஆண்டுதோறும் 500 பொற்காசு தருவதாக வாக்களித்தார். உலக உருண்டையும், அதனை முதலில் வலம் வந்தவர் அவரே என்னும் பொருளுடைய வாசகமும், இரு கறுவாப்பட்டைகளும் மூன்று சாதிக்காய்களும் பன்னிரு கராம்புகளும் பொறித்த விருதுச்சின்னத்தையும் அளித்தார். கப்பலை அந்நியருக்குக் கொடுத்த பழைய குற்றமும் 1523இல் மன்னிக்கப்பட்டது.

அரசன் தந்த புகழை ஏடு தரவில்லை. அப்பயணத்தின் விரிவான வரலாற்றை எழுதியவர் பிகாபெத்தா என்னும் இத்தாலியர். அவர் மகெலன்பாற் பேரன்பு பூண்டவர். விக்தோரியாவில் எல்கானோவின் தலைமையின்கீழ் ஊர் மீண்ட 18 பேருள் அவரும் ஒருவர். அங்ஙனமாகியும், தம் நூலில் ஓரிடத்திலேனும் எல்கானோவின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. தம் தலைவருக்கு எதிராகக் கலகஞ் செய்தவரைப் பாட அவர் உள்ளம் ஒருப்படவில்லை போலும். இகழ்ந்து எழுதியிருப்பின், மறுப்பதற்கேனும் பின்வந்தோர் அப்பெயரை எடுத்திருப்பர். வாளாவிருந்தமையாற் பெயரே மறைந்தது. எழுதுகோல் பிடிப்போர் தம் மௌனத்தின் வலிமையை இதனால் உணர்தல் வேண்டும்.

எல்கானோவும் கரையில் ஓய்ந்திருக்கவில்லை. 1525 யூலையில் லொவாய்சா என்பவரின் தலைமையில் ஏழு கப்பல்கள் மீண்டும் மொலுக்காவுக்குப் புறப்பட்டபோது, தம் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு அவரும் சென்றார். நீரிணையின் வாயிலில் அவர் செலுத்திய கப்பல் உடைந்தது. பசுபிக் சமுத்திரத்தில் நோய் பரவிற்று. 1526 யூலை 26ஆந் திகதி, தலைமைக் கப்பலில், எல்கானோ தம் மரணசாசனத்தை எழுதுவித்தார். சில நாட்களில் லொவாய்சா இறக்க, தலைமை எல்கானோவை அடைந்தது. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவரும் இறந்தார். உடல் கடலில் இடப்பட்டது. அரசன் வாக்களித்த பொருள் அவர் கைக்கு வரவில்லை. தாய் கத்தலீனா அதன்பொருட்டுப் பல்லாண்டு வழக்காடினார்.

அச்சாசனமே அவர் உள்ளத்தை நமக்குக் காட்டும் ஏடு. கெத்தாரியாவின் ஆலயத்தையும் தாயையும் மக்களையும் அதில் அவர் நினைந்தார். தம்மிடமிருந்த வானியல் நூல்களை அந்திரேசு சான் மார்த்தீன் என்பவரைக் கண்டாற் கொடுக்குமாறும் பணித்தார். சான் மார்த்தீன் முதற் பயணத்தில் வானியல் அறிஞராய் வந்து, ஐந்தாண்டுகளுக்குமுன் செபுவிற் காணாமற்போனவர். இறக்கும் வேளையிலும், அத்தோழர் எங்கேனும் உயிரோடிருப்பார், நூல் அவர்க்குப் பயன்படும் என்று அவர் எண்ணினார். சாசனத்துக்குச் சாட்சிக் கையொப்பமிட்டவருள் இளைஞராகிய உர்தனேத்தாவும் ஒருவர். அவரும் பாஸ்க் இனத்தவரே. பசுபிக் சமுத்திரத்தில் ஆசியாவிலிருந்து மெக்சிக்கோவுக்கு மீளும் வழியை 1565இற் கண்டு நிலைநாட்டியவர் அவர்.

எல்கானோ குற்றமற்றவர் அல்லர், கடனாளி, கலகக்காரர். அக்குறைகளை மறைத்து அவரைப் புகழ்தல் வேண்டா. அவற்றைக் காட்டி அவர் செயலை மறைத்தலும் வேண்டா. தொடங்குதல் அரிது, பிறர் தொடங்கி இடையில் விட்டதை ஏற்று முடித்தல் அதனினும் அரிது. மகெலன் பெயரைக் கூறும் மாணாக்கனுக்கு, எல்கானோவின் பெயரையும் சேர்த்துக் கூறும்படி கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடன்.