நாதக்கோயிலின் கதவைத் திறந்த பெரியார்
பண்டித விஷ்ணு திகம்பர பலூஸ்கர்

கல்வி யாவர்க்கும் பொது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயினும், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பல்கலைக்கழகத்திற் சங்கீதம் பயில விரும்பும் நம் பிள்ளைகள் உளச்சார்புப் பரீட்சையின் வாயிலிலே நின்று, சிலர் உட்புகவும் பலர் திரும்பவும் காண்கின்றோம். இவ்வாறு சிலரை மட்டும் தெரிந்தெடுத்தல் நீதியாகுமா? இவ்வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்கொண்ட பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டு நம் வாலிபர்களுக்கு எடுத்துரைப்பாம்.

மராட்டிய நாட்டிலே குருந்துவாட் என்னும் ஊரில், 1872 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18 ஆம் நாள், விஷ்ணு திகம்பரர் பிறந்தார். தந்தையார் ஹரிகீர்த்தனம் செய்பவர். சிறுவயதில் வாணவெடியொன்று முகத்தருகே வெடித்தமையாற் கண்ணொளி பெரிதும் குன்றியது. ஏட்டுக் கல்வி தடைப்பட்டது. சிகிச்சைக்காக மீரஜ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட பாலகனுக்குச் செவியே கண்ணாயிற்று. அந்நகரத்து மன்னரின் ஆதரவினால், கியால் இசையில் வல்ல பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சீகரிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் வடநாட்டுச் சங்கீதம் கரானா எனப்படும் குருபரம்பரைகளுக்குள்ளே பூட்டப்பட்டிருந்தது. மகனுக்கும் மருமகனுக்கும் சொல்லிக்கொடுப்பதைப் பிறனுக்குச் சொல்லார். வெளியார் ஒருவர் கற்கவேண்டுமாயின் ஆண்டுக்கணக்காகக் குருவின் வீட்டிற் பணிவிடை செய்யவேண்டும். அல்லது அரசரின் தயவு வேண்டும். விஷ்ணுவுக்கு அத்தயவு கிடைத்தது. அதே குரலும் அதே ஆர்வமும் இருந்தும் அரசரை அறியாத ஏழைச் சிறுவர் எத்தனைபேர் வாயிலிலே நின்றிருப்பர்!

அரசரின் தயவுக்கும் ஒரு விலை உண்டு. வைபவமொன்றுக்குத் தம்மை அழைத்தவர்கள் தம் குருநாதரை அழையாது விட்டமையும், பாடகர்தானே என்று அவரை இழிவாக எண்ணியமையும் கண்டு விஷ்ணு மனம் நொந்தார் என்பர். 1896 இல் மீரஜை விட்டுப் புறப்பட்டார். அரண்மனையை நம்பாது, பொதுமக்கள் சீட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரிகளை நடத்தி, ஊர் ஊராக யாத்திரை செய்தார்.

1901 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள், லாகூரிலே காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தாபித்தார். மன்னரின் மானியத்தை நம்பாது, பொதுமக்களின் நன்கொடையாலும் தம் கச்சேரி வருவாயாலும் அதனை நடத்தினார். 1908 இல் பம்பாயிலும் வித்தியாலயம் எழுந்தது. பாடத்திட்டம், சுரக்குறிப்புப் புத்தகம், பரீட்சை, பட்டமளிப்பு என்னும் ஒழுங்குகள் யாவும் ஏற்பட்டன. மானமுள்ள குடும்பத்துப் பெண்கள் பாடலாகாது என்ற காலத்திலே பெண்களுக்கும் வகுப்பு நடாத்தப்பட்டது.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்னார் அமைத்த வாயில் ஒன்றன்று, இரண்டு. முதலாவது அகன்ற வாயில்: சிறு கட்டணம் செலுத்தி எவரும் நாள்தோறும் வந்து கற்கலாம்; வித்துவானாகாவிடினும் நல்ல இரசிகராகலாம். இரண்டாவது ஒடுங்கிய வாயில்: உபதேசக வகுப்பு. ஒன்பது ஆண்டு தங்கிக் கற்பதாகப் பெற்றோர் உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆனால் அவ்வொடுங்கிய வாயிலில் பணம் கேட்கப்படவில்லை. உணவும் உறைவிடமும் பாடமும் இலவசம். வறுமையிற் பிறந்து, சிறுவயதிலேயே கூலிவேலை செய்த ஓங்கார்நாத் தாகூர், பார்சி வள்ளல் ஒருவரின் உதவியால் பம்பாய் வித்தியாலயத்தை அடைந்தார். பின்னர் லாகூர் வித்தியாலயத்துக்கே அதிபரானார். காசி இந்து சர்வகலாசாலையில் இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். வாயில் ஒடுங்கியதாயினும், ஏழைக்கு அடைபடாதபோது விளையும் பயன் இதுவன்றோ!

குறை இல்லாத பணி உலகில் இல்லை. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த முஸ்லிம் உஸ்தாதுகளின் குடும்பங்களுக்கும், சபைகளில் அதனை வாழவைத்த கணிகையர் மரபினருக்கும், புதிய வித்தியாலயங்களில் உரிய இடம் கிட்டவில்லை என்று வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுகின்றனர். தமிழ்நாட்டிலே தேவதாசியர் மரபினருக்கு நேர்ந்த கதையும் இதற்கு அயலானதன்று. ஒரு கதவைத் திறக்குங்கால் மற்றொரு கதவு அறியாமலே சாத்தப்படுதல் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இலவசமாகப் பலரைப் பேணியமையாலும் பம்பாயிற் பெருங்கட்டடம் எழுப்பியமையாலும் கடன் மலைபோல் வளர்ந்தது. 1920களில் கட்டடம் கடன்காரர் வசமாயிற்று. பண்டிதர் துவண்டாரல்லர். காவியுடுத்து, நாசிக்கிலே ஆச்சிரமம் அமைத்து, இராமநாம பஜனையிலும் இராமாயணப் பிரசங்கத்திலும் ஈடுபட்டார். காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களிற் பாடப்பெற்ற ராம்துன் பஜனையின் மெட்டு அவருடையதென்று போற்றப்படுகின்றது. 1931 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கட்டடம் போயிற்று, மாணாக்கர் போகவில்லை. அதே ஆண்டில் அவர்கள் கூடிக் காந்தர்வ மகாவித்தியாலய மண்டலத்தை நிறுவி, குருவின் பணியைத் தொடர்ந்தனர்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பெருங்கலைக்கழகம் சிலரைத் தெரிந்தெடுத்தல் தன்னளவில் அநீதியன்று. ஓர் ஆசிரியர் அருகிருந்து திருத்தக்கூடிய மாணாக்கர் தொகைக்கு எல்லை உண்டு. ஆனால் ஐந்து வயது முதல் வீட்டுக்கு ஆசிரியரை அழைத்துப் பயின்ற பிள்ளையையும், சுருதிப்பெட்டியின் ஒலியையே கேளாத பிள்ளையையும் ஒரே மேடையில் நிறுத்திப் பாடச்சொன்னால், அங்கே அளக்கப்படுவது பிள்ளையின் திறமையா, பெற்றோரின் பணமா? முன்னே அகன்ற வாயில் இருந்தாலன்றிப் பின்னேயுள்ள ஒடுங்கிய வாயில் நீதியாகாது. இதுவே பண்டிதரின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம்.

அவ்வகன்ற வாயிலை அமைக்க அரசாங்கத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில்கள் உண்டு, மண்டபங்கள் உண்டு, இசை கற்றுத் தேறிய இளைஞரும் உளர். வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, கட்டணம் வாங்காமல், அயலிலுள்ள ஏழைச் சிறுவர்க்குப் பண்ணோடு தேவாரமும் சுரவரிசையும் சொல்லிக்கொடுக்க நம் வாலிபர் முன்வருவாராக. அதுவே நாதக்கோயிலின் கதவைத் திறந்த பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.