கார் துடைத்த கை தூரிகை பிடித்தது!

மும்பை காலாகோடா பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள், ஜகாங்கீர் ஓவியக் கூடத்தைப் பார்த்திருப்பார்கள். அது படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரிய இடம் என்று ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கூச்சம் தேவை இல்லை. இந்த நகரில் புகழ் பெற்ற ஓவியர்களில் ஒருவர், கார் துடைத்துப் பிழைத்தவர்.

அவர்தான் கே.எச்.ஆரா.

வீட்டை விட்டு ஓடினார்

செகந்திராபாத் அருகே உள்ள பொல்லாரத்தில் 1914-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்து கொண்டார். சிறுவன் ஆரா வீட்டை விட்டு ஓடி, பம்பாய் வந்து சேர்ந்தார்.

வீட்டு வேலை செய்தார். கார் கழுவினார். உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்து கொண்டு சிறை சென்றார். பிறகு ஒரு ஜப்பானியக் கம்பெனியில் கார் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒரு சின்ன அறையில் தங்கி, ஓய்வு நேரத்தில் படம் வரைந்தார்.

வெள்ளைத்தாள் பயம்

எதை வரைவது, சரியாக வருமா, பார்ப்பவர்கள் சிரிப்பார்களா? வெள்ளைத்தாளின் முன் உட்காரும் எவருக்கும் இந்தப் பயம் வரும். முறையாகப் படித்தவர்களே தயங்கும் இடம் அது. ஆராவோ, கேத்கர் ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்றதோடு சரி.

அவர் பெரிய விஷயங்களைத் தேடி அலையவில்லை. பூச்சாடி, பழம், பானை, கூஜா என்று கண் முன்னால் இருந்தவற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். தண்ணீரில் கரைக்கும் வண்ணத்தை, எண்ணெய் வண்ணம் போலக் கெட்டியாகப் பூசினார். கோட்டில் இருந்த குறையை வண்ணம் ஈடு செய்தது.

'டைம்ஸ் ஆப் இந்தியா' கலை விமர்சகர் ரூடி வான் லேடன், ஆராவின் திறமையைக் கண்டுகொண்டு ஊக்கம் கொடுத்தார்.

தங்கப் பதக்கம்

1942-ல் ஆராவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1944-ல் கவர்னர் பரிசு பெற்றார். 1947-ல் சூசா, ரசா, உசேன் ஆகியோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். 1952-ல் பம்பாய் ஓவியச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பதக்கம் வாங்கித் தந்த படத்தில் இருந்தவை இரண்டு கூஜாக்கள்தான்!

பெயர் வந்த பிறகு பழைய நாட்களை அவர் மறக்கவில்லை. ஓவியர் மையத்தின் செயலாளராக இருந்து, வழி தெரியாமல் நின்ற இளம் ஓவியர்களுக்குக் கை கொடுத்தார். 1985-ல் காலமானார்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், ஜகாங்கீர் கூடத்துக்குள் தைரியமாக நுழையுங்கள். அங்கே அனுமதி இலவசம்.