அணையா அடுப்பு ஏற்றிய வள்ளலார்

மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும் என் மனசுல முதல்ல வந்தவர் நம்ம கடலூர் மாவட்டத்து வடலூர் வள்ளலார்தான்.

அவருடைய இயற்பெயர் இராமலிங்கம். 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி சிதம்பரம் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அப்புறம் குடும்பம் சென்னைக்கு வந்தது. புருஷன் இல்லாமல் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பார் என்று நம்மில் பலருக்குச் சொல்லாமலே புரியும்.

மூத்த அண்ணன் சபாபதி புராணம் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று இருந்தார். கோபத்தில் அண்ணன், அவனுக்குச் சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சோறு போட்டு, கண்ணீர் விட்டாராம். கொல்லையில் ஒளிந்து சாப்பிட்ட அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஊருக்கே வாசலைத் திறந்து வைத்துச் சோறு போட்டார்.

வீட்டார் வற்புறுத்தி அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆனாலும் துறவியாகவே வாழ்ந்தார். காவி கட்டவில்லை, வெள்ளைத் துணிதான். 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பி, வடலூர் பக்கத்தில் கருங்குழியில் தங்கினார். அவர் பாடிய திருவருட்பாவை நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

சாமி கும்பிடுவதை விடப் பசித்தவருக்குச் சோறு போடுவதுதான் முதல் புண்ணியம் என்பது அவர் கொள்கை. வடலூர் ஜனங்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் தினமும் சாப்பாடு போடுகிறார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பதால்தான் இது நடக்கிறது. நாமும் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தானே இந்தக் கூட்டமைப்பை வளர்த்தோம்!

1872-ல் ஞானசபையைத் திறந்து ஜோதி வழிபாட்டைக் கொண்டுவந்தார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 50.

சோறு போட்டதை எல்லாரும் பேசுகிறோம். இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. புருஷன் இறந்தால் பெண்டாட்டியின் தாலியை வாங்க வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் கேட்டோமா? கணவரை இழந்த அக்காமார்கள் கடன் தவணையை ஒரு நாளும் தவற விடுவதில்லை. கணக்கு நோட்டு அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் நேரம் வந்தால் மட்டும் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நாமும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

சகோதரிகளே, நம் ஆண்டு விழாவில் முதல் திரியை அப்படிப்பட்ட ஒரு அக்கா ஏற்றட்டும். வள்ளலாருக்கு அதைவிட நல்ல பூஜை வேறு இல்லை.