யார் இந்த ஆர்தர் காட்டன்? கொள்ளிடத்தின் போக்கை மாற்றிய இன்ஜினீயரின் கதை

பெரம்பலூர்க்காரர்களிடம் 'காட்டன்' என்று சொன்னால் பருத்தி என்றுதான் நினைப்பார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் வானம் பார்த்து விளையும் பூமி அது. ஆனால் இன்னொரு காட்டனும் இருக்கார். வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறி திருச்சி போனால், ஊருக்குள் நுழையும் முன் கொள்ளிடம் பாலம் வருமே, அந்த ஆற்றில் எப்போது தண்ணீர் ஓடணும், எப்போது மணல் தெரியணும் என்பதை ஏறக்குறைய 190 வருடங்களுக்கு முன்பு முடிவு செய்தவர்: ஆர்தர் காட்டன்.

தேனிப் பக்கம் பென்னிகுயிக்கைத் தெரியாதவர் இல்லை. ஆனால் டெல்டாவுக்கு வெளியே காட்டனைத் தெரிந்தவர்கள் குறைவு. யார் இவர்? என்ன செய்தார்?

18 வயதில் மதராஸ்

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 11 சகோதரர்களில் ஒருவர். கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, 1821-ல் மதராஸ் வந்து இறங்கினார். இன்றைய கணக்கில் காலேஜ் முதல் வருஷம் படிக்கும் வயசு. 1828-ல் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது தஞ்சை டெல்டா பெரிய சிக்கலில் இருந்தது.

என்ன சிக்கல்?

இதைப் புரிஞ்சுக்க மேப்பைத் திறந்து பாருங்க. குடகு மலையில், தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு, மலையும் பள்ளத்தாக்கும் தாண்டி சமவெளிக்கு வருகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு.

இரண்டும் ஒரே மாதிரி ஆறுகள் இல்லை. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து டெல்டா முழுக்க வயல்களுக்குப் பாய்கிறது. கொள்ளிடமோ நேராக, சரிவு அதிகமான பாதையில் கடலுக்கு ஓடுகிறது. தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் ஆழமானது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. மலையில் எவ்வளவு மழை பெய்தாலும், பெரும்பங்கு கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போக ஆரம்பித்தது. இப்படியே விட்டிருந்தால் டெல்டா காய்ந்திருக்கும்.

கல்லணை கற்றுக்கொடுத்த பாடம்

தீர்வு, கேட்க சிம்பிள்தான். கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே ஒரு தடுப்பு கட்டினால், சாதாரண நாட்களில் தண்ணீர் காவிரிக்குத் திரும்பும். வெள்ளம் வந்தால் தடுப்புக்கு மேலே வழிந்து கொள்ளிடத்தில் போகும்.

ஆனால் எதன் மேல் கட்டுவது? தோண்டத் தோண்ட மணல்தான். பாறையே இல்லை. பதில் பக்கத்திலேயே இருந்தது: கல்லணை. மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை புதைந்து ஒரு நிலையில் நின்ற பிறகு அதன் மேல் கட்டியிருந்தார்கள் பழைய தமிழர்கள். மணல் ஆற்றிலும் அணை நிற்கும் என்பதை இதிலிருந்துதான் கற்றுக்கொண்டதாக காட்டனே பிறகு வெளிப்படையாக எழுதினார்.

1836-ல் முக்கொம்பில் மேலணை வந்தது. கீழே அணைக்கரையில் கீழணையும் வந்தது. மேலணை திருப்பிவிட்டது போக, கொள்ளிடத்தில் தப்பி வரும் தண்ணீரை மறுபடி பிடித்து சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் அனுப்புவது கீழணையின் வேலை. காட்டனுக்கு அப்போது 33 வயது.

எல்லாம் உடனே சரியாகிடல. இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் வந்து, அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் வாயிலும் ஒரு படுகை அணை கட்ட வேண்டியிருந்தது. ஆற்றின் ஒரு கையைப் பிடித்தால் இன்னொரு கை இழுக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சோழர் கல், கம்பெனி அணை

இந்தக் கதையில் அரியலூருக்கு ஒரு வலி உண்டு. கீழணை கட்ட நிறைய கல் தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தது கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்து எடுத்துப் போகப்பட்டன. ஊர் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள், எதிர்த்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது, பதிலுக்கு செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 1855-ல் வெளியான குறிப்பு ஒன்று சொல்கிறது. 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அதே கோயில்தான் இது.

இதே ராஜேந்திரன், தலைநகருக்காகச் சோழகங்கம் என்ற பிரம்மாண்ட ஏரியை வெட்டியவன். இன்றைய பெயர் பொன்னேரி. வெள்ளத்தைத் தேக்கத் தெரிந்த ஒரு நகரத்தின் கற்கள், அதே வெள்ளத்தைத் திருப்பும் அணைக்குப் போயின.

கோதாவரியில் கொண்டாட்டம்

உடல்நலம் கெட்டு ஆஸ்திரேலியப் பக்கம் போன காட்டன், 1841-ல் டாஸ்மேனியாவில் எலிசபெத் லியர்மந்தைத் திருமணம் செய்துகொண்டு திரும்பினார். பிறகு பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி அடித்த கோதாவரிக் கரைக்குப் போய், 1847-ல் தொடங்கி 1852-ல் தவளேஸ்வரம் அணையை முடித்தார். கொள்ளிடத்தில் படித்த பாடம் அங்கே உதவியது. கோதாவரி மாவட்டங்களில் இன்றும் அவருக்குச் சிலைகள் உண்டு, மாலை விழுகிறது.

அரசு ரயில் பாதைக்குப் பணத்தைக் கொட்டியபோது, முதலில் கால்வாய் வெட்டுங்கள் என்று கடைசிவரை சண்டை போட்டார். நதிகளைக் கால்வாய்களால் இணைக்கும் யோசனையும் அவரிடம் இருந்தது. 1861-ல் 'சர்' பட்டம். 1899 ஜூலையில், 96 வயதில் இங்கிலாந்தில் இறந்தார்.

இன்று ஏன் இதைப் பேசணும்?

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்து வெள்ளத்தில் போயின. அதற்குச் சில நாட்கள் முன்பு திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. மேலணை அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. ஆனால் ஏற்பாடு மாறவில்லை: மேட்டூர் நிரம்பினால் உபரி வெள்ளம் கொள்ளிடத்துக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடப்பதால், அது ஆற்றின் இடம் என்பதே மறந்துவிடுகிறது. மணல் அள்ளுகிறோம், கரையோரம் வீடு கட்டுகிறோம். வெள்ளம் வரும்போது அரியலூர் கரையோர கிராமங்களுக்கும் எச்சரிக்கை போகிறது.

வாலிகண்டபுரமோ இந்தப் பாசனத்துக்கு எட்டாத மேட்டு நிலம். பச்சைமலைப் பக்கம் பெய்யும் மழை, ஏரி, கிணறு, இவைதான் கதி. டெல்டாவுக்குத் தண்ணீர், கொள்ளிடக் கரைக்கு வெள்ளம், மேட்டுக்கு மழை என்று பங்கு பிரிந்திருக்கிறது.

சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணீர்தான் 2004 முதல் குழாயில் சென்னை வருகிறது. அடுத்த முறை கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது கீழே வெறும் மணல் தெரிந்தால், ஆறு செத்துவிட்டதாக நினைக்காதீங்க. வெள்ளத்துக்காக விட்டுவைத்த வழி அது. அதில் நாம் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும்.