தொழிலைக் கேட்ட வைத்தியர் ராமஸினி



நம் கேமரன் மலையில் யாருக்காவது இருமல் வந்தால் போதும், உடனே பனி மேலேதான் பழியைப் போடுவோம். காரணம் பனிதானா, பார்க்கிற வேலையிலே இருக்கிறதா என்று தேடக் கற்றுக்கொடுத்த மேதைதான் பெர்னார்டினோ ராமஸினி.

இத்தாலி நாட்டின் கார்ப்பி நகரில் 1633-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பிறந்தார். பார்மாவில் மருத்துவம் பயின்று 1659-இல் பட்டம் பெற்றார். பின்னர் மோடெனாவில் பேராசிரியரானார்.

அங்கே ஒருமுறை அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் மட்டும் அவசர அவசரமாக வேலை செய்வதைக் கண்டு, ஏன் என்று விசாரித்தார். அதிக நேரம் உள்ளே நின்றால் கண் கெட்டுப்போகும் என்று அந்தத் தொழிலாளி விளக்கினார். பேராசிரியருக்கே பாடம் சொன்னவர் ஒரு கூலியாள்!

அன்று முதல் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார், கேட்டார், குறித்துக்கொண்டார். 40-க்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களைப் பற்றி 1700-இல் லத்தீனில் நூல் வெளியிட்டார். வைத்தியர் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு, என்ன வேலை செய்கிறார் என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

மாவு அரைப்போர், ரொட்டி சுடுவோர், தானியம் சலிப்போர் ஆகியோருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருவதைக் கண்டு, தூசியே காரணம் என்று எழுதினார். ஒவ்வாமை என்ற சொல்லே பிறக்காத காலம் அது! முதுமையில் கண்பார்வை மங்கியும் பணியை விடவில்லை. 1714 நவம்பர் 5-இல் பாதுவா நகரில் காலமானார்.

அவர் காட்டிய வழி தேயிலைக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் பஞ்சு போன்ற நுண்தூசி டீமேக்கருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கியதை, இலங்கை மருத்துவர் உரகொட 1970-இல் எழுதி வெளியிட்டார்.

ஆகவே, தொழிலாளத் தோழர்களே! மூச்சு இழுத்தால் கவனித்துப் பாருங்கள். வேலை நாளில் கூடுதா? லீவு நாளில் குறையுதா? எந்த இடத்தில், எந்தத் தூசியில் ஆரம்பிக்குது? சில பேருக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ராத்திரியிலேதான் இழுக்கும். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லத் தயங்கக்கூடாது. அவர் கேட்காவிட்டாலும், செய்கிற வேலையை நாமே சொல்ல வேண்டும். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்து விலகினால்தான் நுரையீரல் பிழைக்கும்.

மாணவச் செல்வங்களே! அப்பா அம்மா டாக்டரிடம் போகும்போது இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கற்ற எழுத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு உண்டோ?